வியாழனின் நிலாக்களும் லூயி மன்னரின் கடற்கரையும்: தீர்க்கரேகை கண்டதில் ராஜாவுக்கு என்ன பங்கு?

#1 பழையவரைபடம்

பிரெஞ்சு வானியலாளர்கள் பிக்கார், லா இர் இருவரும் 1682-ல் பாரிஸ் அறிவியல் அகாடமி முன் வைத்த பிரான்ஸ் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "எதிரிகளிடம் விட்டதைவிட என் வானியலாளர்களிடம் விட்ட நிலம்தான் அதிகம்" என்று 14-ஆம் லூயி சலித்துக்கொண்டதாக ஒரு கதை புத்தகத்துக்குப் புத்தகம் வருகிறது. சொன்னாரோ இல்லையோ, வரைபடம் பொய்யில்லை. பழைய கரைக்கு ஒரு கோடு, திருத்திய கரைக்கு இன்னொரு கோடு என்று இரண்டையும் ஒரே தாளில் போட்டிருக்கிறார்கள். மேற்குக் கரை அப்படியே பாரிஸ் பக்கம் நகர்ந்திருக்கிறது.

இதை வியாழனின் துணைக்கோள்களைக் கொண்டு செய்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். கையில் என்ன கருவி, எந்த வரிசையில் என்ன செய்தார்கள், எங்கே சறுக்கியது என்பதை யாரும் விரிவாக எழுதுவதில்லை. இன்னொரு கேள்வியும் உண்டு. இதற்கு ராஜா அவசியமா? கெட்டிக்கார வானியலாளர் ஒருவர் தன் வீட்டு மாடியிலிருந்தே செய்திருக்க முடியாதா?

#2 கணக்கன்

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: முடியாது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

தீர்க்கரேகை என்பது இரண்டு ஊர்களின் உள்ளூர் நேர வித்தியாசம், அவ்வளவுதான். 24 மணிக்கு 360 டிகிரி என்றால் 1 மணிக்கு 15 டிகிரி, 4 நிமிடத்துக்கு 1 டிகிரி. (நம் பஞ்சாங்கக் கணக்கில் இன்னும் அழகு: 24 நிமிடமுள்ள 1 நாழிகைக்கு 6 டிகிரி, 24 நொடியுள்ள பஞ்சாங்க விநாடி 10-க்கு 1 டிகிரி.) இரண்டு ஊரிலும் ஒரே கணத்தில் தெரிகிற சம்பவம் ஒன்று வேண்டும். சந்திர கிரகணம் ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான், அதிலும் நிழலின் விளிம்பு மங்கல். வியாழனின் முதல் துணைக்கோள் ஐஓ சுமார் 42½ மணிக்கு ஒரு முறை வியாழனின் நிழலுக்குள் போய் வருகிறது. பகலில் நடப்பது, வியாழன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போது நடப்பது, மேகம் மூடுவது எல்லாவற்றையும் கழித்தாலும் மாதத்துக்குச் சில கிடைக்கும்.

ப்ரெஸ்ட் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைய அளவில் பாரிஸ் வானாய்வகத்துக்கும் அதற்கும் நேர வித்தியாசம் சுமார் 27 நிமிடம் 18 நொடி, அதாவது 6.8 டிகிரி. அந்த அட்சரேகையில் 1 நொடி தவறினால் தரையில் சுமார் 300 மீட்டர், 10 நொடி தவறினால் 3 கிலோமீட்டர். 1679-ல் பிக்காரும் லா இரும் ப்ரெஸ்ட்டில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு காத்திருந்த அதே இரவில், பாரிஸ் வானாய்வகத்தில் வானியலாளர் காசினி ஐஓவின் அதே கிரகணத்துக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே தரத்தில் கடிகாரம், தொலைநோக்கி, பயிற்சியுள்ள கண். ஒருவர் வீட்டு மாடியில் எவ்வளவு நுட்பமாகப் பார்த்தாலும் அது பாதிக் கணக்குதான். மீதிப் பாதியை 500 கிலோமீட்டர் தள்ளி உட்காரவைத்து அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

#3 ஊசல்மணி

கடிகாரத்தைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் தவறு பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது.

டச்சு அறிஞர் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கியது 1656-ல். அதற்கு முந்தைய கடிகாரங்கள் நாளுக்குக் கால் மணி நேரம் பிசகினால்கூட நல்ல கடிகாரம் என்று பெயர். ஊசல் வந்ததும் பிசகு நாளுக்குச் சில நொடிகளாகச் சுருங்கியது. அது இல்லாமல் துணைக்கோள் முறை வெறும் யோசனைதான். கலிலியோவே இதைச் சொல்லிப் பார்த்தார், கடிகாரம் கிடையாது.

புது ஊரில் கடிகாரத்தை நிறுவும் முறை இது. அசையாத சுவர் அல்லது கனத்த தூணில் திருகிப் பொருத்த வேண்டும். மரத்தளத்தில் நிறுத்தினால் ஆள் நடக்கும்போதே ஊசல் வீச்சு மாறும். நொடி ஊசலின் நீளம் சுமார் 994 மில்லிமீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் கூடினால் கடிகாரம் நாளுக்கு 43 நொடி பின்தங்கும். அதனால் குண்டுக்குக் கீழேயுள்ள திருகை அரைச் சுற்று, கால் சுற்று என்றுதான் தொடுவார்கள்.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நட்சத்திரம் போதும். ஒரு தொலைநோக்கியை அசையாமல் கட்டிவைத்து, குறிப்பிட்ட நட்சத்திரம் நடுக் கம்பியைக் கடக்கும் நேரத்தைத் தினமும் எழுத வேண்டும். ஒவ்வொரு நாளும் 3 நிமிடம் 56 நொடி முந்திக் கடந்தால் கடிகாரம் சராசரிச் சூரிய நேரத்துக்கு ஓடுகிறது. 3 நிமிடம் 46 நொடி மட்டுமே முந்தினால் கடிகாரம் நாளுக்கு 10 நொடி வேகம். திருகைத் தொடாமல் இந்த வேறுபாட்டைக் குறித்துவைத்துக் கணக்கில் கழித்துக்கொள்வது இன்னும் நல்லது.

இதெல்லாம் ஓட்டத்தைச் சொல்லுமே தவிர, உள்ளூர் உச்சிப்பொழுது எப்போது என்று சொல்லாது. அதற்குச் சம உயர முறை. காலையில் சூரியன் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் வரும்போது கடிகாரம் 9:08:12 என்று வையுங்கள். கால்வட்டக் கோணமானியை அதே கோணத்தில் பூட்டிவிட்டு, பிற்பகலில் சூரியன் அதே உயரத்துக்கு இறங்கும் நேரத்தைப் பாருங்கள். 2:59:36 என்றால் அது 14:59:36. கூட்டினால் 24:07:48, பாதி 12:03:54. ஆகக் கடிகாரம் உச்சிப்பொழுதைவிட 3 நிமிடம் 54 நொடி முன்னே இருக்கிறது. இதன் அழகு என்னவென்றால், கோணமானியின் பிரிவுகள் தப்பாக இருந்தாலும் கவலையில்லை. காலையிலும் மாலையிலும் அதே தப்புதான். ஒரே ஒரு ஜாக்கிரதை: சம இரவு நாட்களை ஒட்டிச் சூரியன் மணிக்கு 1 கோணநிமிடம் வடக்காகவோ தெற்காகவோ நகரும். அதற்குத் திருத்தம் போடாமல் விட்டால் சில நொடிகள் போயிற்று.

#4 வடமராட்சியான்

தீர்க்கரேகையை நாங்கள் நெட்டாங்கு என்று சொல்லுவோம், அதையே எழுதுறன்.

கடிகாரத்தை நொடிக்குச் சரியாக வைத்தாலும், "நிலா மறைஞ்ச கணம்" எது? ஐஓ நிழலுக்குள் முழுதாகப் போக ஏறத்தாழ 3½ நிமிடம் எடுக்கும். அது விளக்கை அணைக்கிற மாதிரி இல்லை, திரி எண்ணெய் வற்றி மங்குற மாதிரி. பெரிய கண்ணாடி உள்ளவருக்குக் கடைசிவரை தெரியும், சின்னக் கண்ணாடி உள்ளவருக்கு முன்னமே மறைஞ்சிடும். இரண்டு பேருக்கும் அரை நிமிட வித்தியாசம் சாதாரணமாக வரலாமே. #2 கணக்கின்படி அது 9 கிலோமீட்டர்.

#5 கணக்கன்

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். இதற்கு இரண்டு வழி. ஒன்று, இரண்டு ஊரிலும் ஒரே நீளம், ஒரே திறப்புள்ள தொலைநோக்கி. அந்தக் காலத்து ஒற்றைக் கண்ணாடி வில்லை நிறம் பிரிக்கும் என்பதால் குவியத்தை நீட்டி நீட்டி 15, 20 அடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதைக் கம்பத்தில் கயிறு கட்டித் தூக்கி நிறுத்த வேண்டும். காற்று அடித்தால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

இன்னொன்று, மறைவையும் வெளிப்பாட்டையும் இரண்டையும் பார்த்துச் சராசரி எடுப்பது. சின்னத் தொலைநோக்கிக்காரர் மறைவைச் சீக்கிரம் குறிப்பார், வெளிப்பாட்டைத் தாமதமாகக் குறிப்பார். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஆனால் ஐஓ விஷயத்தில் ஒரே இரவில் இரண்டும் கிடைக்காது. வியாழன் சூரியனுக்கு எதிரே வருவதற்கு முந்தைய மாதங்களில் மறைவு மட்டும், பிந்தைய மாதங்களில் வெளிப்பாடு மட்டும். அதாவது நம் ஆள் அந்த ஊரில் மாதக்கணக்கில் தங்க வேண்டும். #1 கேட்ட ராஜா இங்கேயும் வருகிறார்.

#6 பழையவரைபடம்

இன்னொரு சந்தேகம். பாரிஸ் வானாய்வகத்தில் இருந்த ரோமர் 1676-ல் ஒளிக்கு வேகம் உண்டு என்று கண்டதே இந்த ஐஓவால்தான். பூமி விலகிப் போகும்போது கிரகணம் தாமதமாகத் தெரிகிறது என்றால், அந்தத் தாமதம் தீர்க்கரேகையைக் கெடுக்காதா?

#7 ஊசல்மணி

இரண்டு பேர் ஒரே இரவில் பார்த்தால் கெடுக்காது. ப்ரெஸ்ட்டுக்கும் பாரிஸுக்கும் ஒளி ஒரே தாமதத்தில்தான் வரும். ஒருவர் மட்டும் பார்த்து பாரிஸ் நேரத்தை, கிரகணங்களை முன்கூட்டிக் கணித்த அட்டவணையிலிருந்து எடுத்தால்தான் ஆபத்து. இன்றைய அளவில் பூமியின் பாதையைக் குறுக்காகக் கடக்க ஒளிக்கு ஏறக்குறைய 16½ நிமிடம். அதை அப்படியே விட்டால் 4 டிகிரிக்கு மேல் பிழை. ரோமர் சொன்ன 22 நிமிடத்தை நம்பித் திருத்தினால் மறுபக்கம் பிழை.

1676 நவம்பர் 9-ஆம் தேதி ஐஓ 10 நிமிடம் தாமதமாக வெளிப்படும் என்று ரோமர் முன்கூட்டியே சொன்னார், அப்படியே நடந்தது. ஆனாலும் காசினி ஏற்கவில்லை. பிடிவாதக்காரக் கிழவர் என்று அவரை ஒதுக்குவது வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒளிதான் காரணம் என்றால் மற்ற மூன்று துணைக்கோள்களிலும் அதே தாமதம் தெரிய வேண்டும் அல்லவா? அவற்றின் ஓட்டத்தில் ஏற்கெனவே இருந்த ஒழுங்கின்மையில் அது புதைந்துகிடந்தது. காசினி என்ன செய்தார் என்றால், 1693 அட்டவணையில் ஐஓவுக்கு மட்டும் 14 நிமிடம் 10 நொடி வரை ஒரு திருத்தம் சேர்த்துக்கொண்டார். காரணத்தை மறுத்துவிட்டு விளைவை மட்டும் எடுத்துக்கொண்டார். தீர்க்கரேகை காண்பவருக்கு வேண்டியது விளைவுதானே. மறு வருடமே ஆங்கில வானியலாளர் ஹாலி அந்த அட்டவணையை ஆராய்ந்து, ரோமர் சொன்னதே சரி, ஆனால் 22 அல்ல 17 நிமிடம் என்று எழுதினார்.

#8 செங்கல்கணக்கு

எல்லாரும் பாரிஸிலேயே நிற்கிறீர்கள். ராஜா என்ன கொடுத்தார் என்று பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்தின் கிரீன்விச் வானாய்வகத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

லூயியின் அமைச்சர் கோல்பேர் 1666-ல் அகாடமியைத் தொடங்கி, 1667-ல் வானாய்வகத்துக்கு அடித்தளம் போட்டு, 1669-ல் போலோன்யாவிலிருந்து காசினியைச் சம்பளத்துக்கு அழைத்து வந்தார். மாளிகை மாதிரி கட்டடம், கருவிகள், வெளியூர்ப் பயணங்கள் எல்லாம் அரசர் செலவு.

இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் 1675 மார்ச்சில் ஃபிளாம்ஸ்டீடை அரச வானியலாளராக ஆண்டுக்கு 100 பவுனுக்கு நியமித்தார். கட்டடத்துக்குப் பணம் எங்கிருந்து? பழுதாகிப்போன வெடிமருந்தை விற்று 500 பவுன். செங்கல் டில்பரி கோட்டையிலிருந்து. மரமும் இரும்பும் ஈயமும் லண்டன் டவரில் இடித்த வாயிற்கட்டடத்திலிருந்து. மொத்தச் செலவு 520 பவுன் 9 ஷில்லிங் 1 பென்னி. சிக்கனம் அதோடு நிற்கவில்லை. பழைய கோபுரம் ஒன்றின் அடித்தளத்தின் மேலேயே கட்டியதால் கட்டடம் வடக்கு-தெற்கிலிருந்து சுமார் 13½ டிகிரி திரும்பி நின்றது. உச்சிக்கோட்டில், அதாவது தலைக்கு மேலே போகும் வடக்கு-தெற்குக் கோட்டில், நட்சத்திரம் கடப்பதை அளக்கவென்று கட்டிய இடத்தில் உச்சிக்கோட்டுக்கு நேராக ஒரு சுவர் இல்லை! உண்மையான வேலை தோட்டத்திலிருந்த சின்னக் கொட்டகையில் நடந்தது. அலங்கார எண்கோண அறை விருந்தாளிகளுக்கு.

கருவிக்குக் காசே ஒதுக்கவில்லை. கடிகாரக் கலைஞர் டொம்பியன் செய்த இரண்டு கடிகாரங்கள், 13 அடி ஊசல், ஒருமுறை சாவி கொடுத்தால் ஓராண்டு ஓடுபவை, ஃபிளாம்ஸ்டீடின் புரவலர் ஜோனாஸ் மூர் தன் பணத்தில் கொடுத்தது. 1679-ல் மூர் இறந்தபின் அந்த உதவியும் நின்றது. உதவியாளர் ஆப்ரகாம் ஷார்ப் 1689-ல் முடித்த சுவர்வில் கோணமானிக்கு ஃபிளாம்ஸ்டீட் சொந்தப் பணம் 120 பவுன் போட்டார், அதாவது ஒரு வருடச் சம்பளத்துக்கு மேல்.

#9 கணக்கன்

ஆனால் அதே கஞ்சத்தனத்தால்தான் ஃபிளாம்ஸ்டீட் யாருக்கும் தலைவணங்காமல் நாற்பது வருடம் ஒரே வேலையைச் செய்ய முடிந்தது. காசினிக்கு அரசர் வந்தால் காட்சி நடத்த வேண்டியிருந்தது. மேற்குக் கோபுரத் தரையில் 24 அடி விட்டத்தில் உலக வரைபடம் வரைந்து, துணைக்கோள்களால் இடம் கண்ட ஊர்களைக் குறித்திருந்தார்களே, 1682-ல் லூயி வந்து பார்த்தார்.

#10 செங்கல்கணக்கு

காட்சி என்று தள்ளிவிடாதீர்கள். சுவரில் மாட்டாமல் தரையில் வரைந்ததால் புது அளவு வரும்போது ஊரை அழித்து வேறு இடத்தில் போட முடிந்தது. அது வேலை செய்கிற வரைபடம்.

"தலைவணங்காமல்" என்பதற்கும் விலை இருந்தது. கருவி என்னுடையது, ஆகவே அளவுகளும் என்னுடையவை, திருப்தியானால்தான் தருவேன் என்றார் ஃபிளாம்ஸ்டீட். அரசர் நியமித்த ஆள், அரசர் கட்டிய இடம், ஆகவே அளவுகள் பொதுச்சொத்து என்றார் நியூட்டன். 1712-ல் ஹாலியின் கையால் அந்த நட்சத்திர அளவுகள் அரைகுறையாக 400 பிரதிகள் வெளிவந்தன. அவற்றில் 300-ஐப் பிறகு கைப்பற்றி ஃபிளாம்ஸ்டீடே எரித்தார். கருவிக்கு அரசு பணம் போட்டிருந்தால் இந்த வழக்கே கிடையாது. எண் யாருக்குச் சொந்தம் என்பது, கோணமானிக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதில் முடிவாகிவிட்டது.

#11 வடமராட்சியான்

காசு எங்கே கொண்டுபோய் விட்டது எண்டதுக்குத் தமிழ்க் கரையிலேயே ஒரு சாட்சி இருக்கு. லூயி 1685-ல் "அரசரின் கணித அறிஞர்கள்" என்ற பட்டத்தோட ஆறு ஜேசு சபைப் பாதிரிமாரை ப்ரெஸ்ட்டிலிருந்து சியாமுக்கு (இன்றைய தாய்லாந்து) அனுப்பினார். வழியில் நன்னம்பிக்கை முனையில் இறங்கி, ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கொடுத்த தோட்டக் கட்டடத்தில் தொலைநோக்கியை நிறுத்தி, வியாழன் நிலாக்களைப் பார்த்து அந்த முனையின் நெட்டாங்கைத் திருத்தினவை. பிரெஞ்சுக்காரர் கையில் ஒல்லாந்தரின் துறைமுகத்துச் சரியான நெட்டாங்கு!

1687-ல் போன அடுத்த கூட்டத்தில் ழான் ரிஷோ என்ற பாதிரியார். 1688-ல் சியாமில் அரசு மாற, பிரெஞ்சுக்காரர் விரட்டப்பட, அவர் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1689 டிசம்பரில் ஒரு வால்வெள்ளியைப் பார்க்கும்போது, ஆல்ஃபா செண்டாரி ஒன்றல்ல, இரண்டு நட்சத்திரம் என்று கண்டார். பாரிஸிலிருந்து அந்த நட்சத்திரம் எழவே எழாது. புதுச்சேரியில் தெற்கே ஏறத்தாழ 18 டிகிரி உயரம் வரை வரும். எத்தனை லட்சம் கொட்டிக் கட்டின வானாய்வகத்தில் இருந்தாலும் காசினியால் காண முடியாத ஒன்று.

#12 பழையவரைபடம்

தொலைவில் ஆள் அனுப்பியதில் கயேன் பயணத்தையும் சேர்க்க வேண்டும். தென் அமெரிக்காவில் நடுக்கோட்டை ஒட்டிய கயேனுக்கு 1672-ல் வானியலாளர் ரிஷேயை அனுப்பியது செவ்வாயைப் பார்க்க. பாரிஸில் காசினியும் கயேனில் ரிஷேயும் ஒரே காலத்தில் செவ்வாயின் இடத்தை அளந்து, அதிலிருந்து சூரியனின் தூரத்தைக் கண்டார்கள். சுமார் 14 கோடி கிலோமீட்டர் என்று வந்தது, இன்று 15 கோடி. அதைவிடப் பெரிய செய்தி யாரும் தேடாமலே கிடைத்தது: பாரிஸில் சரியாக ஓடிய கடிகாரம் கயேனில் நாளுக்கு 2½ நிமிடம் பின்தங்கியது.

#13 ஊசல்மணி

அந்த 2½ நிமிடத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். நொடி ஊசலை 1¼ லீன் குறைக்க வேண்டியிருந்தது என்பது ரிஷே தந்த அளவு. 12 லீன் ஒரு பாரிஸ் அங்குலம், 1 லீன் 2.256 மில்லிமீட்டர். பாரிஸ் நொடி ஊசல் 440½ லீன். 1.25-ஐ 440.5-ஆல் வகுத்துப் பாதியாக்கி 86,400-ஆல் பெருக்கினால் நாளுக்கு 2 நிமிடம் 3 நொடிதான். இன்றைய ஈர்ப்பு மதிப்புகளைப் போட்டாலும் 2 நிமிடம் 8 நொடி அளவில் நிற்கும். ரிஷே கொடுத்த நீளம்தான் திடமானது. 2½ நிமிடம் என்பது புத்தகம் விட்டுப் புத்தகம் தாவி வருகிறது.

வெப்பத்தில் கம்பி நீண்டிருக்கும் என்று அப்போதே ஆட்சேபம் எழுந்தது. இரும்புக் கம்பிக்கு 15 டிகிரி செல்சியஸ் கூடினால் நாளுக்கு 7, 8 நொடி. 120 நொடிக்கு அது போதாது. நியூட்டன் 1687-ல் இந்த வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு, பூமி நடுக்கோட்டில் புடைத்திருக்கிறது என்பதற்கு ஆதாரமாக வைத்தார்.

#14 கணக்கன்

இதில் அடிபட்டவர் பிக்கார். 1669–70-ல் பாரிஸுக்குத் தெற்கே மல்வாசினிலிருந்து அமியான் பக்கம் சூர்தோன் வரை 13 முக்கோணங்கள் போட்டு, வடக்கு-தெற்காக 1 டிகிரி அட்சரேகைக்கு 57,060 துவாஸ் (பழைய பிரெஞ்சு நீள அளவு, 6 அடி) என்று கண்டார். 1 துவாஸ் 1.949 மீட்டர் என்று வைத்தால் 111.2 கிலோமீட்டர், இன்றைய அளவிலிருந்து இம்மியளவுதான் விலகல். துவாஸின் இரும்புக் கோல் என்றாவது தொலைந்துபோனால் என்ன செய்வது என்று யோசித்து, நொடி ஊசலின் நீளத்தையே உலகப் பொது அளவாக வைக்கலாம் என்று எழுதிவைத்தார். கயேன் அதை உடைத்தது. ஊருக்கு ஊர் ஊசல் மாறினால் அது என்ன பொது அளவு?

#15 வடமராட்சியான்

13 முக்கோணத்துக்கும் நேரே தரையில் அளந்த முதன்மை அடிக்கோடு ஒண்டுதானே? வில்ஜுயிஃப்–ஜுவிசி பாதை. அதை எதால் அளந்தவர்?

#16 கணக்கன்

ஈட்டிக் கம்பால். காலாட்படையின் நீண்ட ஈட்டிக் கம்புகள் நான்கு, ஒவ்வொன்றும் 2 துவாஸ். இரண்டிரண்டாகத் திருகிச் சேர்த்து 4 துவாஸ் கோல் இரண்டு. கல் பாவிய நேர்ப்பாதையில் ஒன்றன் முனையில் மற்றொன்றை வைத்து, பின்கோலைத் தூக்கி முன்னே போட்டு, அப்படியே 11 கிலோமீட்டர். கோலை வைக்கும்போது முன்கோலை இடித்துத் தள்ளிவிடாமல் இருப்பதுதான் இதில் கஷ்டம். போகும்போது 5,662 துவாஸ் 5 அடி, திரும்பும்போது 5,663 துவாஸ் 1 அடி. வித்தியாசம் 2 அடி. 5,663 என்று எழுதிக்கொண்டார்.